மருத்துவம் படிக்கிற பிள்ளைகளும் கருத்தடையும்

(எமது சங்கத்தின் மகளிர் பிரிவு நடத்திய மாதாந்த ஒன்றுகூடலில் குடும்ப வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது நீரிழிவு, கொலஸ்ரரோல், பிரஷர் இவற்றில் ஒன்றைப் பற்றித்தான் சொல்லுவேன் என்று நினைத்திருப்பார். நான் தலைப்பைச் சொன்னதும் தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "டொக்டர், பிள்ளை குட்டியோட சனம் வரும்..." என்று இழுத்தார். பிள்ளை குட்டியோடு வருகிற சனத்துக்குத்தானே ஐயா இந்தக் கதை தேவை என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு என் நன்றி.

நான் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். என்னுடைய கிளினிக்குக்கு மருத்துவ மாணவர்கள் சில கிழமைகள் பயிற்சிக்கு வந்து போவார்கள். முன்பு வருஷத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கண்டால் பெரிய காரியம். இப்போது நிறையப் பேர் எங்கட பிள்ளைகள். இந்த மண்டபத்திலேயே அவர்களுடைய தாய் தகப்பன் இருக்கிறீர்கள். பெருமைப்படுகிற விஷயம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கருத்தடை பற்றி என்ன தெரியும், அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பார்க்கும்போது, நான் படித்த காலமும் என் கண்ணுக்கு முன்னால் வருகிறது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

1986ஆம் ஆண்டு. ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். பிழை என்னுடையது, இடத்தினுடையது அல்ல. மகப்பேற்றுக் கிளினிக் முடிகிற நேரம். பெரிய டொக்டர் எழும்பிப் போய்விட்டார். ஒரு அம்மா, வயது 36, ஐந்து பிள்ளைகள், கடைசிப் பிள்ளை ஐந்து மாதம், மடியில் கிடக்குது. என்னுடைய வெள்ளைக் கோட்டின் கையைப் பிடித்து, பக்கத்தில் ஆர் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டா: "பிள்ளை, பால் குடுக்கிற காலத்தில தங்காதுதானே?"

எனக்கு 22 வயது. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ஓம் அம்மா, பால் குடுக்கேக்க தங்காது" என்றேன். அந்த முகத்தில் வந்த நிம்மதி இன்னும் எனக்கு ஞாபகம்.

இதை நான் எங்கே படித்தேன் என்று பிறகு எவ்வளவோ தரம் யோசித்திருக்கிறேன். வகுப்பில் படிக்கவில்லை. கருத்தடைக்கு எங்களுக்கு இருந்தது ஒரேயொரு மணித்தியால விரிவுரை. லூப்பையும் குளிசையையும் படத்தில் காட்டினார்கள். 1973இல் இலங்கையில் 'பிரீதி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த ஆணுறையின் பெயரைச் சொன்னதும் பின்வாங்கில் பெடியள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் பெண்பிள்ளைகள் குனிந்த தலை நிமிரவில்லை. மிச்சம் புத்தகத்தில் இருக்கு, பாருங்கோ என்று சொல்லி முடித்துவிட்டார்கள். சோதனையில் குளிசை ஆருக்குக் கொடுக்கக்கூடாது என்று கேட்டார்கள். நான் நன்றாகத்தான் எழுதினேன்.

ஆனால் அந்த அம்மாவுக்கு நான் சொன்னது புத்தகத்தில் உள்ளது அல்ல. கிணற்றடியில் அம்மம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் கதைத்ததைச் சின்ன வயதில் நான் ஒளிச்சு நின்று கேட்டது. அம்மம்மா சொன்னால் அது அம்மம்மாவின் கதை. அதையே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நான் சொன்னால் அது மருத்துவம் ஆகிவிடுகிறது. 

சில மாதம் கழித்து அந்த அம்மா திரும்பி வந்தா. முழுகாமல் இருக்கிறா. என்னைக் கண்டதும் கோபிக்கவில்லை, சிரித்தா. "பிள்ளை, நீங்கள் சொன்னது எனக்குச் சரிவரேல்லை" என்றா. கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருந்தது. பிரசவத்துக்கு முன்னம் இரத்தம் ஏற்றவேண்டி வந்தது. தாயும் பிள்ளையும் சுகமாக வீடு போனார்கள். பிறகு வந்த இடப்பெயர்வுகளில் அவர்கள் எந்தப் பக்கம் போனார்களோ தெரியாது. அந்தப் பிள்ளைக்கு இப்போது 40 வயதுக்குக் கிட்ட இருக்கும். எங்கிருந்தாலும் நல்லாயிருக்கவேணும். அந்தப் பிள்ளை பிறந்தது பிழை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அம்மா என்னிடம் பிள்ளை கேட்கவில்லை, ஒரு கேள்வி கேட்டா. அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1988இல், இத்தாலியில் பெலாஜியோ என்ற இடத்தில் இந்த விஷயத்தை ஆராய்ந்தவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தாய்ப்பால் கொடுப்பது கருத்தடையாக வேலை செய்யும், ஆனால் மூன்று விஷயங்களும் ஒன்றாக இருந்தால் மட்டும். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக்கூடாது. பிரசவத்துக்குப் பிறகு மாதவிடாய் இன்னும் திரும்பி வந்திருக்கக்கூடாது. இரவும் பகலும் பிள்ளைக்குத் தாய்ப்பால்தான், வேறு சாப்பாடு இல்லை என்று சொல்லக்கூடிய அளவில் இருக்கவேணும். மூன்றும் இருந்தால் 100க்கு 98 பேருக்குத் தங்காது. ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கு இல்லை. அந்த அம்மா அப்போதே பிள்ளைக்கு ரின்பாலும் கஞ்சியும் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறா. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பா. கேட்கவில்லை.

இனி இங்கே வருகிற பிள்ளைகளின் கதைக்கு வருவோம். என்னைவிட எவ்வளவோ கெட்டிக்காரர். கேட்டால் கடகடவென்று கணக்குச் சொல்லுவார்கள். ஒரு முறையும் பாவிக்காமல் 100 பெண்கள் ஒரு வருஷம் இருந்தால் ஏறக்குறைய 85 பேருக்குத் தங்கும். 'நாங்கள் பார்த்து நடக்கிறம்' என்று சொல்லுகிற ஆட்களில் சுமார் 20 பேருக்கு. ஆணுறையை மட்டும் நம்புகிறவர்களில் 13 தொடக்கம் 18 பேருக்கு. குளிசையில் 7 தொடக்கம் 9 பேருக்கு. குளிசையை ஒருநாளும் மறக்காமல் போட்டால் ஒருவருக்கும் குறைவு, ஆனால் ஒருநாளும் மறக்காத மனுசரை நான் இன்னும் சந்திக்கவில்லை. லூப், கைக்குள் வைக்கிற குச்சி, ஆண்களுக்கோ பெண்களுக்கோ செய்கிற ஒப்பரேஷன், இவை எல்லாம் 100க்கு ஒன்றுக்கும் குறைவு.

இதுவரைக்கும் சரி. கொஞ்சம் கிண்டிப் பார்த்தால்தான் உள்ளுக்குள் கிடக்கிறது வெளியில் வரும். பிள்ளை பெறாத பெண்ணுக்கு லூப் வைக்கக்கூடாது என்று ஒருவர் சொல்லுவார். அது பழைய கதை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டல்கொன் ஷீல்ட் என்று ஒரு லூப் வந்தது. அதன் நூல் பல இழைகளால் ஆனதால் கிருமி அதன் வழியாக ஏறிப் பல பெண்களுக்குக் கருப்பையில் கடும் தொற்று உண்டாகி, 1974இல் விற்பனையை நிற்பாட்டினார்கள். அந்த ஒன்றின் கெட்ட பெயர் எல்லா லூப்புக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்குப் பிறந்த பிள்ளைகளும் ஆரோ சொல்லக் கேட்டு அதையே சொல்கிறார்கள். இன்னொருவர், அவசரத்துக்குப் போடுகிற குளிசை கருவைக் கலைக்கும் என்று நினைப்பார். அப்படி இல்லை. அது முட்டை வெளிவருவதைப் பிந்தப் பண்ணுகிறது. ஏற்கெனவே தங்கின கருவை அது ஒன்றும் செய்யாது. கனடாவில் 2005இலிருந்து வைத்தியரின் சீட்டு இல்லாமல் அதை மருந்துக்கடையில் வாங்கலாம். மூன்று நாளைக்குள் போடவேணும், எவ்வளவு கெதியாகப் போடுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது. ஐந்து நாளைக்குள் செப்பு லூப் வைத்தால் அது எல்லாவற்றிலும் மேலான பாதுகாப்பு.

மாணவரை மட்டும் குறை சொல்லி உங்களை விட்டுவிடப் போவதில்லை. லூப் மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்று கேட்காத தமிழ்ப் பெண் இல்லை. கருப்பையின் சுவரைத் துளைப்பது ஆயிரத்தில் ஒன்று இரண்டு என்ற அளவில் நடக்கலாம், அதை மறைக்கமாட்டேன். நெஞ்சுக்குப் போக வழி இல்லை. குளிசை வயிற்றுக்குள் கல்லாகச் சேரும் என்பார்கள். சேராது. நிற்பாட்டினால் சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். ஊசி மட்டும் வேறு. டெப்போ ஊசியை விட்ட பிறகு திரும்பத் தங்குவதற்குப் பல மாதம், சிலருக்கு ஒரு வருஷம்கூடச் செல்லும். கல்யாணம் கட்டி, 'படிப்பு முடியட்டும், ஒரு ஆறு மாதம் பொறுப்பம்' என்று சொல்லுகிற பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் ஊசி போட்டுவிட்டால், ஏழாம் மாதம் மாமியார் கேட்கிற கேள்விக்கு அந்தப் பிள்ளைதான் பதில் சொல்லவேணும். ஆண்களுக்குச் செய்கிற சின்ன ஒப்பரேஷனைப் பற்றிக் கேட்டால், 'அதுக்குப் பிறகு பாரம் தூக்கேலாதாம்' என்கிறார்கள் எங்கட அண்ணைமார். சில நாள் தூக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆண்மைக்கு ஒரு குறையும் வராது. செய்த உடனே பாதுகாப்பும் வராது. சுமார் மூன்று மாதம் கழித்து விந்தைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் நம்பலாம். இந்த ஒப்பரேஷனை ஆண்கள் அதிகம் செய்துகொள்கிற நாடுகளில் கனடாவும் ஒன்று. எங்கட ஆட்கள் மற்ற எல்லாவற்றிலும் கனேடியர் ஆகிவிட்டார்கள், இதில் இன்னும் ஆகவில்லை.

இது வெள்ளைக்காரரின் விஷயம், எங்கட கலாசாரத்தில் இல்லை என்று ஒரு கதை இருக்கிறதே, அதற்கும் ஒரு பதில் சொல்லவேணும். கனடாவில் 1892ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டப்படி கருத்தடைச் சாமான் விற்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம். 1936இல் ஒட்டாவாவுக்குப் பக்கத்தில் ஈஸ்ற்வியூ என்ற ஊரில், வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குக் கருத்தடை பற்றிச் சொன்ன டொரத்தியா பாமர் என்ற பெண்ணைப் பொலிஸ் பிடித்தது. பொது நன்மைக்காகச் செய்தது என்று 1937இல் அவரை விட்டார்கள். ஆனால் சட்டம் 1969 வரைக்கும் மாறவில்லை. அதற்கு முதல் வருஷம், 1968இல், மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழக மாணவர் சங்கம் கருத்தடைக்கு ஒரு கைந்நூல் அச்சடித்து வெளியிட்டது. அப்போது அது சட்டத்துக்கு விரோதம். எழுதினவர்கள் வைத்தியர்கள் அல்ல, மாணவர்கள். அது வட அமெரிக்கா முழுக்க இலட்சக்கணக்கில் போனது. அதை எழுதின இருவரில் ஒருவரான டொனா சேர்னியாக் பிறகு மருத்துவம் படித்துக் குடும்ப வைத்தியர் ஆனார். பெரியவர்கள் வாய் திறக்காத நேரத்தில் படிக்கிற பிள்ளைகள் வாய் திறந்தார்கள். இந்த நாட்டிலேயே நடந்த கதை, எங்கட மாணவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

இதைவிட எனக்குப் பிடித்தது மற்றக் கதை. 1873இல் ஒன்ராறியோவில் பிறந்து ரொறன்ரோவில் மருத்துவம் படித்த மேரி இர்வின் என்ற பெண், ஒரு தமிழரைக் கல்யாணம் முடித்து 1896இல் இலங்கைக்குப் போனார். டொக்டர் மேரி இரத்தினம் என்று சொன்னால் வயதுபோன சிலருக்குத் தெரிந்திருக்கும். 1958இல் மக்சேசே விருது பெற்றவர். அவர் 1937இல் கொழும்பில் குடும்பத் திட்டமிடலுக்கு முதலாவது கிளினிக்கைத் தொடங்கினார். யோசித்துப் பாருங்கோ. அவர் பிறந்து படித்த நாட்டில் அது இன்னும் 32 வருஷத்துக்குக் குற்றம். எங்கட நாட்டில் கிளினிக் நடந்துகொண்டிருக்கிறது. பிறகு 1953இல் இலங்கைக் குடும்பத் திட்டமிடல் சங்கம் வந்தது. குளிசை வந்த புதிதில், 1960களில், இலங்கையில் அதைப் பற்றிய ஆய்வுகளை முன்னின்று நடத்தினவர் டொக்டர் சிவா சின்னத்தம்பி, எங்கட பெண்மணி. ஆகவே இந்த விஷயம் எங்களுக்கு இங்கே வந்து பழகினது அல்ல. 

அறிவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். என்னைக் கூடக் கவலைப்படுத்துவது மனப்பாங்கு. ஒரு மாணவர் இருந்தார், நல்ல பிள்ளை. பொட்டு வைத்துச் சேலை உடுத்து ஒரு அம்மா வந்தால் கருத்தடை பற்றிக் கேட்கமாட்டார். 'வயது 46, கோயிலுக்குப் போற ஆள் மாதிரி இருக்கு, எப்படிக் கேக்கிறது' என்பார். கல்யாணம் ஆகாத தமிழ்ப் பிள்ளை வந்தாலும் கேட்கமாட்டார். 'எங்கட பிள்ளையள் அப்பிடி இல்லைத்தானே டொக்டர்' என்பார். 46 வயதிலும் தங்கும். எங்கட பிள்ளைகள் எப்படி என்று எனக்குத் தெரியும், கதவு பூட்டின அறைக்குள் தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. நாலு பிள்ளையோடு ஒரு அகதிப் பெண் வந்தால், 'இவவுக்கு எப்படியாவது ஒன்றை வைத்து அனுப்பிவிடவேணும்' என்கிற அவசரம். நல்ல எண்ணத்தில்தான். ஒருநாள் வன்னியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி தோள்மூட்டு நோவென்று வந்தா. கையைத் தடவிப் பார்த்த மாணவி என்னைக் கூப்பிட்டு, "டொக்டர், உள்ளுக்குள்ள ரெண்டு குச்சி மாதிரி இருக்கு" என்றா. 2020இல் இங்கே வந்த நெக்ஸ்பிளனோன் ஒரு குச்சி. மாணவிக்கு அதுதான் பழக்கம். இரண்டு குச்சி என்றால் ஜடெல், ஐந்து வருஷத்துக்கானது. அந்தத் தங்கச்சியிடம் கேட்டேன். "ஊரில வைச்சவை. என்னத்துக்கெண்டு சொல்லேல்லை. உடம்புக்கு நல்லதாம் எண்டவை" என்றா. வைத்து ஆறேழு வருஷம் இருக்கும். அதற்குப் பிறகு கல்யாணம் கட்டி, ஏன் தங்கவில்லை என்று கோயில் கோயிலாக நேர்த்தி வைத்திருக்கிறா. அன்றைக்கு அந்த மாணவி அழுதுவிட்டா. நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

2013இல் கிளிநொச்சி மாவட்டத்தில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் பெண்களுக்குச் சரியான விளக்கமும் சம்மதமும் இல்லாமல் இந்தக் குச்சி வைக்கப்பட்டது என்று குற்றச்சாட்டு வந்ததும், கட்டாயப்படுத்தவில்லை என்று அதிகாரிகள் மறுத்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்கு மட்டும் நடக்கிறது என்று நினைக்கவேண்டாம். இதே கனடாவில் அல்பேர்ட்டா மாகாணத்தில் 1928 தொடக்கம் 1972 வரை ஒரு சட்டமே இருந்தது. 'தகுதி இல்லாதவர்' என்று முடிவு செய்து ஏறக்குறைய 2,800 பேருக்குப் பிள்ளை பிறக்காமல் ஒப்பரேஷன் செய்தார்கள். சஸ்கட்டூன் நகரில் பிரசவத்துக்கு வந்த பூர்வீகக் குடிப் பெண்களை வற்புறுத்திக் குழாய் கட்டினதைப் பற்றி 2017இல் விசாரணை அறிக்கையே வெளிவந்தது. அங்கேயும் செய்தவர்கள் படித்த வைத்தியர்கள்தான். நூறு பேரில் எத்தனை பேருக்குத் தங்கும் என்ற கணக்கு அவர்களுக்கும் பாடம்.

போர்க்காலத்தில், 'எங்கட சனமே குறைஞ்சு போச்சு, நீங்கள் கட்டுப்பாடு எண்டு கதைக்கிறியள்' என்று என்னோடு சண்டை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பயத்தில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வை என்பவரும் வைக்காதே என்பவரும் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் வருகிற மாணவருக்கு நான் வைத்திருக்கிற ஒரே சட்டம், முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் சொல்லக்கூடாது, கேட்கவேணும். இன்னும் பிள்ளை வேணுமா, எப்போது? முன்னம் என்ன பாவித்தீர்கள், ஏன் விட்டீர்கள்? கண்ணில் மின்னல் மாதிரி ஓடி அதற்குப் பிறகு தலையிடி வருகிறதா? அது வருகிற ஆளுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள குளிசை கொடுத்தால் பாரிசவாதம் வரக்கூடிய ஆபத்துக் கூடும். கேட்டால் ஒழியத் தெரியவராது. 

கேட்கிறதென்றால் மொழி வேணும். இங்கேதான் எங்கட பிள்ளைகள் தடக்குப்படுகிறார்கள். இங்கே பிறந்த ஒரு மாணவி. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்து, பேச்சுப்போட்டியில் கிண்ணம் வாங்கின பிள்ளை. ஒரு அம்மாவை விசாரித்துவிட்டு வந்து என்னிடம் ஆங்கிலத்தில் ஒப்புவிக்கிறா. இந்த அம்மா இரண்டு மாதமாகக் குளிக்கவில்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மனநல வைத்தியரிடம் அனுப்புவோமா என்று. நான் உள்ளே போய்க் கேட்டால், அந்த அம்மா பாவம், "ரெண்டு மாசமா முழுகேல்லை எண்டுதானே சொன்னனான்" என்கிறா.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். பிறகு யோசித்தேன், அந்தப் பிள்ளைக்கு இந்தச் சொல்லை ஆர் சொல்லிக் கொடுத்தோம்? முழுகாமல் இருக்கிறது, சுகமில்லாமல் வாறது, துடக்கு, வீட்டுக்குத் தூரம், இந்தச் சொல் எல்லாம் எங்கட வீட்டில் பிள்ளைகள் அறைக்குள் வந்தால் நின்றுவிடும். திருக்குறள் பாடமாக்கினார்கள். கருப்பைக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் முழிக்கிறார்கள். லூப்பை ஒரு பிள்ளை, "உள்ளுக்குள்ள ஒரு சாமான் வைப்பினம் அன்ரி" என்று மொழிபெயர்த்தது. அன்ரி எழும்பிப் போய்விட்டா. நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

இத்தனைக்கும் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த ஊர் எங்கட ஊர். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்களைச் சேர்த்து முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் மருத்துவம் படிப்பித்தார். உடற்கூற்றியலும் பிரசவ மருத்துவமும் தமிழில் புத்தகமாக வந்தன. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் மானிப்பாயில் ஒரு பெடியன் தமிழில் படித்ததை, இன்றைக்கு ரொறன்ரோவில் ஒரு பிள்ளை தமிழில் சொல்ல முடியாமல் நிற்குது.

இன்னும் ஒன்று, தாய் தகப்பன்மாருக்கு. இது கொஞ்சம் உறைக்கும். ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டுச் சம்மதச் சட்டத்தில் வயதெல்லை இல்லை. விளங்கிக்கொள்ளக்கூடிய பிள்ளை தானாக வந்து கருத்தடை கேட்டால் வைத்தியர் கொடுக்கலாம். உங்களுக்குச் சொல்லக்கூடாது. இதைக் கேட்டுச் சில அப்பாமார் என்னைத் திட்டியிருக்கிறார்கள். திட்டுங்கோ. ஆனால் என்னுடைய தமிழ் மாணவி ஒருத்தி கேட்டதையும் கேளுங்கோ. "டொக்டர், அந்தப் பிள்ளையின்ட அம்மாவும் என்ர அம்மாவும் கோயில்ல சிநேகிதம். அந்த அன்ரி என்னட்டை, 'என்ர பிள்ளை உங்கட கிளினிக்குக்கு வந்ததாம், என்னத்துக்கு' எண்டு கேட்டால் என்ன செய்யிறது?"

நான் என்ன சொல்ல? சொல்லாதே என்று சொன்னேன். 'தெரியாது அன்ரி எண்டும் சொல்லாதை, பொய்யாகும். ஆரைப் பற்றியும் நான் கதைக்கிறேல்லை அன்ரி எண்டு சொல்லு' என்றேன். அவ அப்படிச் சொல்லி, அந்த அன்ரி, 'உன்ர மகளுக்குத் திமிர்' என்று தாயிடம் முறைப்பாடு வைத்து, தாய் வந்து என்னிடம் முறைப்பாடு வைத்தா.

எங்கட பிள்ளைகள் வைத்தியர் ஆகவேணும் என்று இரண்டு வேலை செய்து படிப்பிக்கிறோம். ஆனால் எங்கட மற்றப் பிள்ளைகள் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்து முதல் கேட்பது, 'தமிழ் இல்லாத டொக்டர் இருக்கினமா?' வரவேற்பில் இருக்கிற பிள்ளை கிழமைக்கு ஒருதரமாவது எனக்கு இதைச் சொல்லும். எனக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கோ. ஆனால் அவர்களில் பிழை பிடிக்கமாட்டேன். கதை கோயில் வீதியால் போய் வீட்டுக்கு வரும் என்ற பயம். அந்தப் பயத்தில் ஒரு பிள்ளை மூன்று நாள் பிந்தி, நாலு நாள் பிந்தி வரும்போது, போடவேண்டிய குளிசைக்குக் காலம் போயிருக்கும். உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். மருத்துவம் படிக்கிற உங்கட மகனிடமோ மகளிடமோ இன்றைக்கு ஆர் வந்தது, ஏன் வந்தது என்று சாப்பாட்டு மேசையில் கேட்காதேயுங்கோ. அவர்கள் சொல்லத் தொடங்கினாலும் நிற்பாட்டுங்கோ.

கடைசியாக ஒரு வேலை. அந்த 'முழுகேல்லை' மாணவியும் நானும் சேர்ந்து ஒரு கொப்பியில் சொல் எழுதிக்கொண்டு வருகிறோம். மாதவிடாய், கர்ப்பம், பிரசவம், கருத்தடை இவற்றுக்கு ஊரில் தாய்மார் பாவிக்கிற சொற்கள். இதுவரைக்கும் நாற்பது சொல் வந்திருக்கு. பெரும்பாலும் யாழ்ப்பாணச் சொற்கள், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, மலையகப் பக்கத்து அம்மாமார், ஆச்சிமார் இருக்கிறீர்கள். கொப்பியும் பேனையும் தேத்தண்ணி மேசையில் கிடக்குது. பெயர் எழுதத் தேவையில்லை. எழுத வெட்கமென்றால் அந்தப் பிள்ளை அங்கே நிற்கிறா, காதுக்குள் சொல்லுங்கோ, அவ எழுதுவா. ஆண்களும் எழுதலாம், உங்களுக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

வடை ஆறப்போகுது. எல்லோருக்கும் என் புத்தாண்டு வாழ்த்துகள். வணக்கம்.